வண்ணமாலை டாட் காம்

ஜனவரி 1, திங்கள்

கம்பெனியில் டைரி கொடுத்தார்கள். அட்டையில் போர்வெல் வண்டி படம், முதல் பக்கத்தில் முதலாளி படம். இரண்டையும் தாண்டி வந்து இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். பதினோரு வருடமாகத் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் ஆபீஸில் டேலியில் கணக்குப் பார்க்கிறேன். ஊரான் கணக்கைக் கூட்டிக் கூட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இந்த வருடம் குழந்தைவேல் சொந்தத் தொழில் செய்யப் போகிறான்.

தொழில் இதுதான். இணையதளம் வைக்கிற எவனுக்கும் ஒரு பெயர் வேண்டும். டாட் காம் என்று முடிகிற பெயர். ஒரு பெயர் உலகத்திலேயே ஒருவரிடம்தான் இருக்க முடியும். முதலில் பதிவு செய்கிறவன் வருடம் ஆயிரம் ரூபாய்க்குள் கட்டி வைத்துக்கொள்ளலாம். பிறகு அந்தப் பெயர் யாருக்கு வேண்டுமோ அவன் நம்மைத் தேடி வர வேண்டும். கடை வேண்டாம், சரக்கு வேண்டாம், ஆள் வேண்டாம். யூடியூபில் ஒருவர் பாடம் எடுக்கிறார், பன்னிரண்டு பாடம். இரண்டு முடித்துவிட்டேன்.

சுகந்தியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே முழுவதும் கேட்டாள்.

"அந்தப் பேரு வேணுங்கறவங்க ஏனுங்க முதல்லயே வாங்கிக்கல?"

"அவங்களுக்குத் தோணறதுக்குள்ள நாம வாங்கிடணும். அதுதான் தொழிலே."

"ஓ, பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கற மாதிரி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எதையும் ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

ஜனவரி 3, புதன்

நாமக்கல் முட்டை போய்விட்டது. சேலம் மாம்பழம் போய்விட்டது. எல்லாவற்றையும் எவனோ பதினைந்து வருடம் முன்பே வளைத்துப் போட்டுவிட்டான். எனக்குக் கிடைத்தது கொல்லிமலை பலாப்பழம், பரமத்தி வெல்லம், சங்ககிரி லாரி, இன்னும் ஆறு. ஒன்பது பெயரையும் விற்பனைக்குப் போட்டாயிற்று.

ஜனவரி 5, வெள்ளி

யாரும் கேட்கவில்லை. சுகந்தி மட்டும் கேட்டாள், "வித்துச்சா?" என்று.

ஜனவரி 7, ஞாயிறு

மல்லசமுத்திரத்தில் மாமனார் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அத்தை பருப்புருண்டைக் குழம்பு வைத்திருந்தார். சுகந்தியின் தம்பி நவநீதன் டயர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மரச்செக்கு போடுகிறான். தை இருபத்தெட்டு, அதாவது பிப்ரவரி பதினொன்று, வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பு. இன்றைக்கு அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சேலத்தில் எண்கணிதம் பார்க்கிறவர் கடைக்குப் பெயர் முடிவு செய்து கொடுத்துவிட்டாராம். நவதாரா.

"கூட்டினா இருபத்திமூணு வருது மச்சான். இனி இதுல ஒண்ணும் மாத்தக் கூடாதுன்னுட்டாரு. பத்தாயிரம் லேபிளுக்குச் சொல்லியாச்சு."

மாமனார் அர்த்தநாரி ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். எதற்கும் ஒரு முத்திரை குத்தாமல் விடமாட்டார். "இனி பிரம்மாவே வந்தாலும் மாத்த முடியாதுங்க மாப்பிள்ளை" என்றார்.

"வெப்சைட்டு எப்ப மாப்ள?" என்று கேட்டேன்.

"பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாமுங்க. ஊரு பூரா எண்ணெய் அனுப்பறதுக்கு அதுதானே வாசல். ஆனா அவசரமில்லைங்க."

மூன்றாவது பாடம்: காதைத் திறந்து வையுங்கள், நல்ல பெயர் உங்களைச் சுற்றியே பேசப்படுகிறது. குழம்பு முடிந்தது. போன் வந்ததுபோல இடது கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். திரும்பி வந்து ரசம் சாப்பிட்டேன்.

இன்று பத்தாவது பெயர் வாங்கினேன். எதுவென்று இங்கே எழுதத் தேவையில்லை. சொந்தத்துக்குள் என்பதால் நியாயமாகத்தான் விலை சொல்வேன்.

ஜனவரி 9, செவ்வாய்

காலையிலேயே நவநீதன் வந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்தான். "மச்சான், நவதாராவ எவனோ வாங்கிட்டான். பேரு காட்ட மாட்டேங்குது, மறைச்சு வெச்சிருக்கான். ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கு வாங்கியிருக்கான். அப்ப நாம சாப்பிட்டுட்டு இருந்தமுங்க."

"லேபிள் பிரஸ்ல எவனாவது பாத்திருப்பான்" என்றேன். வாய் தானாகவே சொன்னது.

"பேர மாத்த முடியாதுங்க மச்சான். மாத்துனா விளங்காதுன்னு அப்பா ஒரே பிடியா நிப்பாரு. லேபிளும் அச்சுக்குப் போயிடுச்சு." குரல் உடைந்துவிட்டது. முப்பது வயது ஆள், கண்ணைத் துடைத்துக்கொண்டான். தோளில் தட்டினேன். "அழுவாத மாப்ள, உலகம் கெட்டுக் கெடக்கு. இதெல்லாம் மும்பைப் பார்ட்டிங்க வேலை. எனக்கு இதுல கொஞ்சம் பழக்கம் இருக்கு, நான் பேசிப் பாக்கறேன்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டான். சுகந்தி காபியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 11, வியாழன்

மும்பைப் பார்ட்டி பிடி கொடுக்கிறார்கள், கொஞ்சம் பொறு என்று நவநீதனுக்குச் சொன்னேன். "இன்னும் முடியலைன்னு அக்காகிட்ட சொல்லாதீங்க மச்சான், வருத்தப்படும்" என்றான். ஒரு தரகர் செய்கிற வேலைதானே செய்கிறேன். ஆபீஸில் ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றிவிட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜனவரி 12, வெள்ளி

கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று பார்க்க சுகந்தி என் போனை எடுத்தாள். கேஸ் மெசேஜுக்குக் கீழே பேங்க் மெசேஜ். பெயர் விற்கும் கம்பெனிக்குப் பணம் போனது, ஞாயிறு, 1.44.

போனை மேஜைமேல் வைத்தாள். "கேஸ் நாளைக்கு வருதாமா" என்றாள். பேங்க் மெசேஜைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஜனவரி 13, சனி

அத்தைக்கு மூட்டு வலி. சுகந்தி மல்லசமுத்திரம் போயிருக்கிறாள். அவள்தான் மூட்டு வலி என்று சொன்னாள், அதையேதான் எழுதுகிறேன். பரண்மேல் இருக்கும் பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். நானே வைத்தேன், அடி பிடித்துவிட்டது. வருடா வருடம் நவநீதன் அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டு வருவான். கரும்பும் மஞ்சளுமாக பைக்கில் அவன் வந்து இறங்குவதைப் பார்க்கவே சிரிப்பாக இருக்கும். இந்த வருடம் வரவில்லை. அக்கா அங்கேயே இருக்கும்போது யாருக்குக் கொண்டு வருவான்? அதனால்தான்.

ஜனவரி 18, வியாழன்

சுகந்திக்கு நான்கு முறை போன் அடித்தும் எடுக்கவில்லை. ஐந்தாவது முறை எடுத்து, "அம்மாவுக்கு மருந்து கொடுக்கணும்" என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 20, சனி

எட்டாவது பாடம்: வருடச் சந்தா கட்டாமல் கைவிடப்பட்ட பெயர்களைத் தேடுங்கள். அந்தப் பட்டியல் தினமும் இணையத்தில் வருகிறது. இன்று காலை டீக்கு நடுவே அதில் ஒரு பெயரைப் பார்த்துக் கை நின்றுவிட்டது. வண்ணமாலை.

வண்ணமாலை திருமணத் தகவல் மையம், கிழக்கு ரத வீதி, மாடியில். எங்கள் கல்யாணமே அங்கேதான் கூடியது. ஏழு வருடம் முன்பு இரண்டு ஜாதகத்தையும் ஒன்றாகப் பின் அடித்துக் கொடுத்தவர் வையாபுரி ஐயா. போன ஆடியில் காலமாகிவிட்டார். நானும் சுகந்தியும்தான் துக்கத்துக்குப் போனோம். "பையன் ஆஸ்திரேலியாவுல இருக்காப்டி, இனி மையத்த யாருங்க நடத்துவாங்க?" என்று அவள் கேட்டது நினைவிருக்கிறது. யாரும் நடத்தவில்லை. சந்தாவும் கட்டவில்லை.

வாங்கிவிட்டேன். பாடத்தில் சொன்னபடி அந்தப் பெயருக்கு வரும் மெயில் எல்லாம் எனக்கு வருமாறு ஒரு பெட்டியும் திறந்து வைத்தேன். பழைய வாடிக்கையாளர்கள் யார் யார் என்று தெரிந்தால் விற்க வசதியாம்.

ஜனவரி 22, திங்கள்

இரண்டே நாளில் மூன்று ஜாதகம். பழைய விசிட்டிங் கார்டை வைத்துக்கொண்டு இன்னும் எழுதுகிறார்கள். எடப்பாடியிலிருந்து ஒரு அம்மா: 'பையனுக்கு முப்பத்தாறு ஆகிவிட்டது சாமி, ரெண்டாம் எடத்துல செவ்வாய், பார்த்துப் பண்ணுங்கள்.' கூடவே பையனின் போட்டோ, சம்பளச் சீட்டு, ஆதார். படித்தேன் என்று எழுத ஒரு மாதிரியாக இருக்கிறது. என் பெட்டியில் விழுகிறது, படிக்கிறேன்.

ஜனவரி 24, புதன்

ஆபீஸில் மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மெயில் பெட்டியைப் பார்த்தேன். அனுப்புநர்: ஆ. அர்த்தநாரி, மல்லசமுத்திரம். பெறுநர்: உயர்திரு வையாபுரி அவர்கள். மெயிலையும் கடிதம் மாதிரித்தான் எழுதுவார். அப்படியே இங்கே எழுதுகிறேன்.

'ஐயா, வணக்கம். ஏழாண்டுகளுக்கு முன் தங்கள் மூலம் என் மகள் சௌ. சுகந்திக்கு வரன் அமைந்தது. அது சரிவரவில்லை. முறைப்படி பிரிவு ஆன பின்பு மறுமணத்துக்குப் பார்க்க விரும்புகிறேன். எனக்கு வயது எழுபத்தொன்று, காத்திருக்க அவகாசம் இல்லை. இப்போதைக்குப் பதிவு மட்டும் செய்து வைக்கவும். இது என் மகளுக்குத் தெரியாது. முப்பத்தாறு ஆண்டு தபால் துறையில் இருந்தவன், பிறர் கார்டு ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அதே ரகசியக் காப்பைத் தங்களிடமும் எதிர்பார்க்கிறேன்.'

சோறு சாப்பிடவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

மூட்டு வலி இல்லை. எனக்குத் தெரியும். பெரிய பெட்டியைப் பரணிலிருந்து நான்தான் இறக்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 25, வியாழன்

யாரிடம் சொல்வது? சுகந்தியிடம் சொன்னால், 'எங்கப்பா எழுதுனது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்பாள். அப்போது இந்தப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டிவரும். மாமனாரிடம் கேட்கவும் முடியாது. பேசாமல் இருந்தால் பதில் வராத கோபத்தில் அவர் வேறு மையத்துக்கு எழுதிவிடுவார். அது என் பெட்டிக்கு வராது.

அதனால் வையாபுரி ஐயாவாக நானே பதில் எழுதினேன். எழுதிவிட்டேன், அனுப்பியும் விட்டேன். 'படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பவும். பிரிவுக்கான காரணத்தைத் தாங்கள் தனியே எழுதவும்.' அந்தக் காரணம் எனக்குத் தெரிய வேண்டும். தெரியும்தான். அவர்கள் வாயால் தெரிய வேண்டும்.

படிவத்துக்குப் பீரோவைக் குடைந்தேன். எங்கள் ஜாதகக் கட்டுக்குள் மையத்தின் பழைய படிவம், சுகந்தி கையெழுத்தில். எதிர்பார்ப்பு என்ற இடத்தில் 'அரசு வேலை அவசியமில்லை. நல்ல குணம் போதும்' என்று எழுதியிருக்கிறாள். அதே மாதிரி ஒன்று தட்டச்சு செய்து அனுப்பினேன். கடைசி வரியையும் விடவில்லை: மணப்பெண் கையொப்பம்.

ஜனவரி 27, சனி

பதில் வந்துவிட்டது.

'காரணம் கேட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை குடிப்பவர் அல்ல, அடிப்பவரும் அல்ல. என் வீட்டில் உண்டுகொண்டிருக்கும்போதே, என் மகன் கடைக்கு வைத்த பெயரை அவன் அறியாமல் இணையத்தில் வாங்கிக்கொண்டார். பிறகு அவனுக்கே அதை வாங்கித் தருவதாகத் தரகர் போலப் பேசினார். மகன் இன்னும் அவரை நம்பிக்கொண்டிருக்கிறான். திறப்பு விழா முடியும்வரை அவனிடம் சொல்லக் கூடாது என்று மகள் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் என்னிடம் சொன்னது இது: "பேரை எடுத்ததுகூடப் போகட்டும் அப்பா. தம்பி அழுதப்ப தோளில் தட்டி ஆறுதல் சொன்னார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை." படிவத்தில் மகளின் கையொப்பம் தேவை என்பதால் இனி அவளிடம் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டு அனுப்புகிறேன்.'

ஜனவரி 28, ஞாயிறு

எங்கும் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

நவநீதன் போன். "மச்சான், லேபிள் வந்துருச்சுங்க. அழகா இருக்குது. அடியில வெப்சைட்டு பேரும் போட்டாச்சு. அந்த மும்பைக்காரன் என்ன சொல்றான்?"

"பேசிட்டு இருக்கேன் மாப்ள."

"நீங்க இருக்கறதால தைரியமா இருக்கறனுங்க" என்றான். போனை வைத்த பிறகும் காது சுட்டது. இப்போதே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எண்ணைத் தொட்டேன். சொன்னால் அவனும் போய்விடுவான். பிறகு அந்த வீட்டில் என்னை நம்ப ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

பிப்ரவரி 1, வியாழன்

முதல் முறையாக ஒருவர் விலைக்குக் கேட்கிறார். கொல்லிமலை பலாப்பழத்தை இல்லை, வண்ணமாலையை. கோயம்புத்தூரில் பெரிய அளவில் கல்யாணத் தகவல் நடத்துகிறவர்களாம். நாற்பதாயிரம் என்றார். ஒரு மாதமாக இந்த போன் வராதா என்று ஏங்கிக் கிடந்தவன் நான்.

"பேரு அவ்வளவு நல்லாருக்குங்களா?" என்று கேட்டேன்.

அந்த ஆள் சிரித்தார். "பேரு கெடக்குதுங்க. ஜாதகம் இன்னும் மெயில்ல வந்துட்டுத்தானே இருக்குது? போட்டோ, சம்பளம், போன் நம்பரு எல்லாத்தோடயும்? அதாங்க எங்களுக்கு வேணும். இதுவரைக்கும் வந்ததையும் சேத்துக் கொடுத்துருங்க."

"யோசிச்சுச் சொல்றனுங்க."

"திங்கக்கெழம பதினோரு மணி வரைக்கும்தாங்க."

பிப்ரவரி 2, வெள்ளி

சரி, திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பணத்தோடு போய் நின்றால் தொழில் என்பது விளையாட்டில்லை என்று சுகந்திக்குப் புரியும். இதை எழுதி முடித்தபோதே எனக்கு நம்பிக்கை இல்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் படிவம் வந்தது. மாமனார் முகவரியிலிருந்து இல்லை. சுகந்தியின் முகவரியிலிருந்து.

பெயர், நட்சத்திரம், படிப்பு எல்லாம் ஒழுங்காகப் பூர்த்தி செய்திருக்கிறாள். வயது முப்பத்து நான்கு. கீழே:

பிரிவுக்கான காரணம்: தங்களுக்கே தெரியும்.

எதிர்பார்ப்பு: கேட்காமல் எதையும் எடுக்காதவர்.

கையொப்பம் என்ற இடம் காலி.

தங்களுக்கே தெரியும் என்றால், அப்பா ஏற்கெனவே எழுதிவிட்டார் என்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். குளித்தேன், துணி துவைத்தேன், கொடியில் போட்டேன். சட்டையை உதறும்போதுதான் உறைத்தது. வையாபுரி ஐயா இறந்தது மாமனாருக்குத் தெரியாது. சுகந்திக்குத் தெரியும். துக்க வீட்டில் மாலை போட்டுவிட்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். செத்தவர் பதில் எழுத மாட்டார், படிவம் அனுப்ப மாட்டார். மூடிக்கிடக்கும் பெயரைச் சத்தமில்லாமல் கைப்பற்றி உட்காரக்கூடிய ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான் இருக்கிறான்.

அவள் மையத்துக்கு எழுதவில்லை. எனக்கு எழுதியிருக்கிறாள். ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு மாடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோயம்புத்தூர்க்காரர் போன் செய்வார். நான் கொடுக்கப் போகிற மெயில் கட்டுக்குள் இந்தப் படிவமும் இருக்கிறது.

பிப்ரவரி 5, திங்கள்

லீவு சொல்லிவிட்டேன். பத்தே முக்காலுக்கு நானே அவரைக் கூப்பிட்டு, இல்லை என்றேன். அறுபது என்றார். இல்லை என்றேன். "பொழைக்கத் தெரியாத ஆளுங்க நீங்க" என்றார். மாமனார் வீட்டில் என்னை அளவுக்கு மீறிப் பிழைக்கத் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அவர் ஒருவராவது அப்படிச் சொன்னாரே.

பிறகு மல்லசமுத்திரம் ரோட்டில் செக்கு போட்டிருக்கும் இடத்துக்குப் போனேன். வெள்ளோட்டமாக எள் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். செக்குச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. ஓரமாகப் பெண்கள் உட்கார்ந்து பாட்டிலில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நவநீதன் ஓடி வந்தான், கையெல்லாம் எண்ணெய். "வாங்க மச்சான், முடிஞ்சுதுங்களா?"

"மும்பைப் பார்ட்டின்னு யாரும் இல்ல மாப்ள. நான்தான் வாங்கினேன்."

அவன் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்தான். போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தான். செக்கு மெதுவாகச் சுற்றி நின்றது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "இப்பச் சொல்லுங்க மச்சான்" என்றான், சிரித்த முகமாகவே.

அந்த அமைதியில் மறுபடியும் முழுவதும் சொன்னேன். உங்கள் வீட்டுச் சாப்பாட்டின்போது என்று சொன்னேன். ஒன்றே முக்கால் என்றும் சொன்னேன். அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"அக்கா வந்தது அம்மாவோட மூட்டு வலிக்கு இல்லீங்களா அப்ப?" என்றான்.

"இல்ல."

பழந்துணி எடுத்துக் கையை விரல் விரலாகத் துடைத்தான். "என் கணக்கு ஐடி அனுப்பறேன். மாத்தி விட்ருங்க. பத்துப் பேரு வேலைக்கு வந்திருக்காங்க, நான் மோட்டாரப் போடணும்" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

நவதாராவை அவன் கணக்குக்கு மாற்றிவிட்டேன். ஐந்து நிமிட வேலை. பைசா கேட்கவில்லை, அவனும் நன்றி சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

வண்ணமாலையைத் திறந்தால் இப்போது ஒரே ஒரு பக்கம் வரும்: 'வையாபுரி ஐயா காலமாகிவிட்டார். மையம் மூடப்பட்டது. ஜாதகம் அனுப்ப வேண்டாம்.' எழுதியிருந்த பதினேழு பேருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், மெயில் பெட்டியையும் மூடிவிட்டேன். எடப்பாடி அம்மாவுக்கு மட்டும் வேறு இரண்டு மையத்தின் விலாசம் தேடி அனுப்பினேன். மாமனாருக்கு எழுதியதுதான் கடினம். 'தங்களுக்குப் பதில் எழுதியது வையாபுரி அல்ல, நான். தங்கள் கடிதத்தைப் படித்தேன்.' இரண்டு வரிதான். ஒரு மணி நேரம் ஆனது.

பிப்ரவரி 7, புதன்

அதே படிவத்தை எனக்காகப் பூர்த்தி செய்தேன். என் சொந்த முகவரியிலிருந்து, என் பெயரில், சுகந்திக்கு.

பெயர்: குழந்தைவேல். வயது: முப்பத்தொன்பது. முந்தைய திருமணம்: ஒன்று, இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. பிரிவுக்கான காரணம்: கேட்காமல் எடுத்தேன், எடுத்ததை மறைத்தேன், மறைத்துக்கொண்டே ஆறுதல் சொன்னேன். எதிர்பார்ப்பு: எழுதும் தகுதி எனக்கு இல்லை, காலியாக விட்டிருக்கிறேன்.

மணமகனைப் பற்றி விசாரிக்க வேண்டியவர் என்று ஓர் இடம் இருக்கிறது. எல்லோரும் நல்லது சொல்லக்கூடிய ஆளாகப் பார்த்து எழுதுவார்கள். ஏழு வருடம் முன்பு நான் என் மேனேஜர் பெயரை எழுதினேன். இந்த முறை 'நவநீதன், மரச்செக்கு எண்ணெய் வியாபாரம், மல்லசமுத்திரம்' என்று எழுதி அவன் போன் நம்பரையும் போட்டேன்.

படிவத்தின் கீழே ஒரு குறிப்பு: பதினொன்றாம் தேதி கடை திறப்புக்கு நான் வரலாமா?

பிப்ரவரி 8, வியாழன்

பதில் இல்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. பதில் இல்லை. மாமனாரும் எழுதவில்லை.

பிப்ரவரி 10, சனி

மாலை ஆறு மணிக்குச் சுகந்தியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

'விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்.'

பெண் வீட்டார் எல்லோரும் சொல்வதுதான். எனக்கே கல்யாணத்துக்கு முன்பு ஆறு இடத்தில் இதைச் சொன்னார்கள். ஐந்து இடத்திலிருந்து அப்புறம் தகவலே வரவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலை ஏழு மணி. இப்போதுதான் நவநீதன் போன் செய்தான். பின்னால் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது, அவன் அம்மா யாரையோ மாவிலை கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். 

"உங்களப் பத்தி எங்கூட்டுல விசாரிக்கறாங்க" என்றான். "அக்கா ஃபாரத்தக் கையில வெச்சுட்டு எதிர்ல நிக்குது. அப்பாவும் உக்காந்திருக்காரு. ஆளு எப்படின்னு கேக்கறாங்க. நான் என்னங்க சொல்லட்டும்?"

"நடந்தத அப்படியே சொல்லு மாப்ள" என்றேன்.

அவன் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினான். சுகந்தியின் குரல் கேட்டது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. திரும்ப வந்தான்.

"நான் சொல்லக் கூடாதாமா, அக்கா சொல்லுது. ஒம்பது மணிக்குப் பூஜை. எல்லாரும் இருப்பாங்க. நடந்தத நீங்களே வந்து சொல்லணுமாமா, மச்சான்."

வேட்டியைத் தேய்க்க இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருக்கிறது.